கூலன்ட் ஹோஸ் மாற்றப் போகிறீர்களா? ஹோஸை விடக் கிளிப்பை யோசித்து வாங்குங்கள்

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் ஓடும் ரேடியேட்டர் ஹோஸ் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "ஒரிஜினலா, லோக்கலா, சிலிக்கோனா?" என்பதுதான். கிளிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கடைக்காரரும் டப்பாவுக்குள் கையை விட்டு, கைக்கு வந்த இரண்டு ஸ்குரூ கிளிப்பை எடுத்துக் கவரில் போட்டுவிடுகிறார். புது ஹோஸ் மாட்டிய அடுத்த வாரமே சொட்டத் தொடங்கும் வண்டியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஹோஸ் நன்றாகத்தான் இருக்கும். கிளிப் சரியில்லை, அல்லது ஹோஸ் ஏறி உட்காரும் குழாய்முனையான நெக் சரியில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் ஹோஸுக்குக் கொடுத்த இடத்தைவிடக் கிளிப்புக்கும் நெக்குக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறது.

கடைக்குக் கிளம்புமுன், சொட்டுவது கூலன்ட்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சென்னையில் ஏசி ஓடாத நாளே கிடையாது. ஏசித் தண்ணீர் இடப்பக்க இருக்கைக்கு முன்னால், என்ஜின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகட்டை ஒட்டிச் சொட்டும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தொட்டால் வழுக்காது. கூலன்ட் வழுக்கும், லேசான இனிப்பு வாடை அடிக்கும், காய்ந்த இடத்தில் பச்சையாகவோ ரோஸாகவோ வெள்ளையாகவோ பொருக்கு கட்டும். அந்தப் பொருக்கு கிளிப்புக்குக் கீழே தொடங்கினால் அது மூட்டுக் கசிவு. ஹோஸின் நடுவில் தொடங்கினால் ஹோஸே போய்விட்டது. வண்டி ஆறிக் கிடக்கும்போது மட்டும் சொட்டினால் கிளிப்பைச் சந்தேகப்படுங்கள். சூடேறி அழுத்தம் கூடும்போது மட்டும் வந்தால் ஹோஸில் மெல்லிய வெடிப்பைத் தேடுங்கள்.

ஹோஸ்: ரப்பரா, சிலிக்கோனா?

தொழிற்சாலையிலிருந்து வரும் கூலன்ட் ஹோஸ் கிட்டத்தட்ட எல்லாக் கார்களிலும் இ.பி.டி.எம். ரப்பர்தான். உள்ளே ஓர் அடுக்கு, வெளியே ஓர் அடுக்கு, நடுவே பின்னிய நூல். அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல். இந்த வகை ரப்பர் தொடர்ந்து 125 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்படுகிறது. கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பது ஏறக்குறைய 82 முதல் 88 டிகிரியில். ஃபேன் ஓடும் நேரத்தில் கூலன்ட் 95-105ஐத் தொடும். இதில் சென்னை வெயிலின் பங்கு மிகக் குறைவு. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அந்த நாளில்கூட ஹோஸுக்குள் ஓடிய கூலன்ட்டின் சூட்டைத் தீர்மானித்தது தெர்மோஸ்டாட்டும் ஃபேனும்தான். "நம்ம ஊர் வெயிலுக்கு ரப்பர் தாங்காது சார், சிலிக்கோன் போடுங்க" என்று சொல்லி விற்பதில் பொருளில்லை.

சிலிக்கோன் 170 டிகிரிக்கு மேலும் தாங்கும், பல ஆண்டுகள் மிருதுவாகவே இருக்கும், நீலமோ சிவப்போ பார்க்க அழகாக இருக்கும். இதெல்லாம் உண்மை. குறைகளைத்தான் கடையில் சொல்வதில்லை. சிலிக்கோனின் சுவர் வழியாக நீராவி மெல்ல மெல்ல வெளியேறும். எங்கும் சொட்டு இருக்காது, ஆனால் ரிசர்வ் டேங்கில் அளவு மாதாமாதம் இறங்கும், வண்டிக்காரர் இல்லாத கசிவைத் தேடிக்கொண்டிருப்பார். அடுத்தது, அது மிருது என்பதாலேயே சாதாரண ஸ்குரூ கிளிப்பின் துளைகள் வழியே பிதுங்கி வெட்டுப்படும். எண்ணெயும் அதற்கு ஆகாது. வால்வ் கவரில் எண்ணெய் கசியும் பழைய என்ஜினில், கசிவுக்கு நேர் கீழே சிலிக்கோன் ஹோஸ் போவது நல்லதல்ல. (எண்ணெய் இ.பி.டி.எம்.முக்கும் எதிரிதான். பட்ட இடம் ஊதி, பஞ்சுபோல ஆகிவிடும். எண்ணெய்க் கசிவை முதலில் நிறுத்துங்கள், ஹோஸ் பிறகு.)

தினமும் ஓஎம்ஆருக்கு ஆபீஸ் போகும் காருக்குச் சிலிக்கோன் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. அது பொருந்தும் இடம் ஒன்று உண்டு. வண்டிக்கேற்ற வளைவோடு வார்த்த வார்ப்பு ஹோஸ் சந்தையிலேயே கிடைக்காத பழைய வண்டிக்கு, அதே வளைவில் செய்து வாங்க வேண்டியிருந்தால் சிலிக்கோன் நல்ல வழி. அதற்குரிய கிளிப்போடுதான் வாங்க வேண்டும். அது பின்னால் வருகிறது.

ரப்பரிலேயே மூன்று தரம் புழங்குகிறது. கம்பெனி முத்திரையோடு வரும் ஒரிஜினலில் வளைவும் நீளமும் மி.மீ. கணக்கில் சரியாக இருக்கும். முனையில் ஒரு வெள்ளைக் கோடோ புள்ளியோ இருக்கும். அது அலங்காரம் இல்லை, ரேடியேட்டர் நெக்கில் உள்ள கோட்டுக்கு நேராக வைத்து மாட்டுவதற்கான அடையாளம். பெயருள்ள மற்ற பிராண்டுகளின் வார்ப்பு ஹோஸும் தரத்தில் குறைவதில்லை, பொருத்தம் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும். பழைய ஹோஸைக் கையில் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். வளைவு பத்து டிகிரி தப்பினாலும் மூட்டு ஒரு பக்கமாக இழுபடும், கசிவு அங்கேதான் வரும்.

மூன்றாவது டூப்ளிகேட். அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கும், பார்த்து எடுப்பது உங்கள் பொறுப்பு. வெட்டு முனையைப் பாருங்கள்: சுவரின் நடுவே நூல் வளையம் தெரிய வேண்டும், சுவர் சுற்றிலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 5 மி.மீ., மறுபக்கம் 3 மி.மீ. என்றால் எந்தக் கிளிப்பும் அதைச் சீராகப் பிடிக்காது. தேய்த்தால் கையில் கரி ஒட்டுவதும், மடக்கினால் மேல்தோல் வெளுப்பதும் கெட்ட அறிகுறிகள். உற்பத்தித் தேதி அச்சிடப்பட்டிருந்தால் பாருங்கள். அலமாரியில் ஆறு வருடம் கிடந்த ரப்பர் புது ரப்பர் அல்ல.

உள்ளே கம்பி வைத்த நெளி ஹோஸ் ஒன்று உண்டு, எந்த வண்டிக்கும் வளையும் என்று விற்பார்கள். நேராக நிமிரப் பார்ப்பது அதன் இயல்பு. வளைத்து மாட்டினால் இரண்டு நெக்கையும் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் டேங்க் உள்ள ரேடியேட்டரில் அந்தத் தள்ளல் ஒருநாள் நெக்கின் அடியில் விரிசலாக முடியும். திண்டிவனத்தில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேரப் போடலாம், அதற்கு மேல் வேண்டாம். புதுப்பேட்டையில் கழற்றிய ஹோஸ் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். கதவு, கண்ணாடி, ஹெட்லைட் வாங்க அது அருமையான இடம், ஆனால் ரப்பரின் வயதைக் கண்ணால் அளக்க முடியாது.

அது ஏன் என்பதற்குக் காரணம் உண்டு. இ.பி.டி.எம். ஹோஸ் பெரும்பாலும் உள்ளிருந்துதான் கெடுகிறது. கூலன்ட், அலுமினியம் ஹெட், ரேடியேட்டர் உலோகம், ரப்பரில் கலந்திருக்கும் கரி எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அந்த மின்வேதி அரிப்பு ஹோஸின் உள்சுவரில் நீளவாக்கில் நுண்ணிய கீறல்களைப் போடும். கீறல் நூலை எட்டியதும் கூலன்ட் நூல்வழி நடந்து வேறோர் இடத்தில் வெளிவரும். இது அதிகம் நடப்பது முனைகளிலிருந்து 5 செ.மீ. தூரத்துக்குள். ஆகவே நடுவில் அழுத்திப் பார்த்து "கெட்டியா இருக்கு" என்று சொல்வது சோதனை ஆகாது. என்ஜின் ஆறியபின் கிளிப்புக்கு அருகே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்துங்கள். பிறகு நடுவில் அழுத்துங்கள். முனை மட்டும் தொளதொளவென்றோ, உள்ளே வாய்க்கால் ஓடுவதுபோலவோ தெரிந்தால் ஹோஸ் முடிந்தது.

ஹீட்டர் ஹோஸுக்கு மட்டும் சலுகை உண்டு. நேராக ஓடும் 16 மி.மீ. அல்லது 19 மி.மீ. லைனுக்கு ஹீட்டர் ஹோஸ் என்றே விற்கும் சுருளிலிருந்து மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கலாம். பாரிமுனைப் பக்கம் ரப்பர் ஹோஸ் கடைகளில் கேட்டால் கிடைக்கும். மேலே எஸ்.ஏ.இ. ஜே20 என்றோ 20ஆர்3 என்றோ அச்சு இருந்தால் சரியான பொருள். பெட்ரோல் லைன் ஹோஸ், ஏர் ஹோஸ், மாடித் தோட்டத்து ஹோஸ் இவற்றில் எதையும் அங்கே மாட்ட வேண்டாம். "ஹீட்டர் யாருக்கு சார் வேணும்" என்று இரண்டு நெக்கையும் ஒரு துண்டு ஹோஸால் சுற்றி இணைத்துவிடுவது இங்கே சகஜம். ஹீட்டர் கோர் (காருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) ஓட்டையாகி, கால்மிதியில் கூலன்ட் வரும்போது தற்காலிகமாகச் செய்யலாம். அந்தத் துண்டு மடிந்து அடைபடாமல், அகலமான வளைவாக இருக்க வேண்டும்.

கிளிப்: உண்மையான முடிவு இங்கேதான்

புதிய கார்களில் கம்பெனி போட்டிருப்பது ஸ்பிரிங் கிளிப், இரண்டு காதோடு இருக்கும் பட்டை வளையம். பழைய வழக்கத்தில் நாம் வாங்குவது ஸ்குரூ கிளிப். பலர் முன்னதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னதைப் போட்டு, "ஸ்ட்ராங்கா போட்டாச்சு" என்று திருப்திப்படுகிறார்கள். பல நேரங்களில் இது தரத்தைக் குறைத்துக்கொள்வதுதான்.

காரணம் ரப்பரின் குணம். ரப்பரை அழுத்தியே வைத்திருந்தால் நாளடைவில் அது அந்த அழுத்தத்துக்குப் பணிந்து மெலிந்துவிடும், திரும்பி எழாது. ஸ்குரூ கிளிப்பின் சுற்றளவு முடுக்கிய இடத்திலேயே நிற்கும். ரப்பர் மெலிந்தால் பிடி தளரும். சூட்டில் நெக்கும் ரப்பரும் விரியும்போது பிடி இறுகும், ஆறியதும் எல்லாம் சுருங்க, கிளிப் மட்டும் பழைய அளவில் நிற்கும். ராத்திரி கசிந்து, காலையில் தரையில் நான்கு சொட்டு காட்டிவிட்டு, சூடேறியதும் நின்றுபோகும் கசிவு இதுதான். சென்னையில் காலைக் குளிர் என்பதே 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே கீழேதான் என்பதால் பல வண்டிகளில் இது வெளியே தெரிவதில்லை. அதே வண்டியை டிசம்பரில் ஊட்டிக்கு ஓட்டிப்போய் ராத்திரி வெளியே நிறுத்தினால் விடியற்காலையில் தெரியும்.

ஸ்பிரிங் கிளிப் சுருங்கும்போது கூடவே சுருங்கும், விரியும்போது விரியும். மறுமுடுக்கு வேண்டாம். அதிகமாக முடுக்கி பிளாஸ்டிக் நெக்கை உடைக்க வழியே இல்லை. அதன் குறைகளும் உண்டு: அளவு துல்லியமாக இருக்க வேண்டும், கழற்ற வாகான கருவி வேண்டும், துருப்பிடித்தால் ஸ்பிரிங் செத்துவிடும். காதிலோ பட்டையிலோ மி.மீ. அளவு பொறித்திருக்கும். அதே அளவை வாங்குங்கள். ஒரு அளவு பெரிது பிடிக்காது. ஒரு அளவு சிறியதை வலுக்கட்டாயமாக விரித்தால் வடிவம் கெடும். மற்ற பிராண்ட் ஹோஸின் சுவர் ஒரிஜினலைவிடத் தடித்திருந்தால் பழைய ஸ்பிரிங் கிளிப் அதற்குச் சரிப்படாது. அங்கே நல்ல ஸ்குரூ கிளிப்புக்குப் போவது நியாயம்.

நல்ல ஸ்குரூ கிளிப் என்றால் என்ன? பட்டையில் துளை வெட்டி, ஸ்குரூவின் பல் அந்தத் துளையில் ஏறும் வகை மலிவு. அந்தத் துளைகள் ரப்பரைக் கடிக்கும். பல் பட்டையின் மேல்பக்கம் மட்டும் அழுத்திப் பதிந்து, உள்பக்கம் வழவழப்பாகவும், ஓரங்கள் மேல்நோக்கி மடிந்தும் இருக்கும் வகையைக் கேளுங்கள். மெல்லிய ஹீட்டர் ஹோஸுக்கு 9 மி.மீ. அகலப் பட்டை, ரேடியேட்டர் ஹோஸுக்கு 12 மி.மீ. மாட்டியபின் ஸ்குரூவின் இழை அதன் வீச்சின் நடுப்பகுதியில் நிற்கும்படி அளவு எடுங்கள். கடைசிப் பல்வரை முடுக்க வேண்டிய பெரிய கிளிப் வட்டமாக உட்காராது, ஸ்குரூ உட்காரும் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி விடும், கசிவு அந்த இடைவெளியில் வரும்.

உலோகத்தையும் பாருங்கள். பாக்கெட்டில் டபிள்யூ1 என்றால் முழுவதும் துத்தநாகப் பூச்சு, டபிள்யூ2 என்றால் பட்டை ஸ்டெயின்லெஸ், ஸ்குரூ பூச்சு, டபிள்யூ4 என்றால் எல்லாமே 304 வகை ஸ்டெயின்லெஸ். பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் வீட்டு வாசலில் வண்டி நிற்கும் என்றால் டபிள்யூ4க்குக் குறைவாக வாங்க வேண்டாம். உப்புக்காற்றில் டபிள்யூ2வின் பட்டை பளபளவென்று இருக்க, ஸ்குரூ மட்டும் துருவேறி இறுகிப்போகும், மறுமுடுக்கு கொடுக்கவே முடியாது. வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் எந்த ஊரில் இருந்தாலும் எல்லாக் கிளிப்பையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். கிளிப்பின் விலை வித்தியாசம் ஒரு பிரியாணிக்கும் வராது.

போல்ட்டும் நட்டும் உள்ள டி-போல்ட் கிளிப் டர்போ காற்றுக் குழாய்க்கானது. அதன் பிடி கூலன்ட் மூட்டுக்கு அளவுக்கு மீறியது, சின்ன விட்டத்தில் வட்டமாகவும் உட்காராது. சிலிக்கோன் ஹோஸுக்குச் சரியானது, உள்ளே ஒரு வழவழப்பான தகடு வைத்த ஸ்குரூ கிளிப், அல்லது ஸ்குரூவின் தலைக்கடியில் கிண்ண வாஷர்கள் அடுக்கி, சூட்டுக்கும் குளிருக்கும் தானே ஈடுகொடுக்கும் வகை. பஸ், லாரி பாகங்கள் விற்கும் கடைகளில் பின்னது கிடைக்கும். காதை நசுக்கி மூடும் ஒருமுறைக் கிளிப் சின்ன ஹோஸ்களில் அருமையாக நிற்கும், ஆனால் அதற்கென்று குறடு வேண்டும், கழற்றினால் வெட்டித்தான் எறிய வேண்டும்.

ஒரே முனையில் இரண்டு கிளிப் போடுவது இன்னொரு பழக்கம். நீளமான இரும்பு நெக் உள்ள லாரியில் அதற்கு இடம் உண்டு. காரின் குட்டை நெக்கில் இரண்டாவது கிளிப் நுனியிலுள்ள வளைய மேட்டின் மேல் ஏறி உட்காரும், ஹோஸை அங்கே வெட்டும். ஒன்று போதும், சரியான இடத்தில்.

நெக்: யாரும் பார்க்காத பாகம்

பழைய ஹோஸ் நெக்கில் ஒட்டிப் பிடித்திருக்கும். ஸ்குரூ டிரைவரை உள்ளே நுழைத்து நெம்புவதுதான் நடக்கும் முதல் தவறு. அலுமினிய நெக்கில் அது நீளவாக்கில் கீறல் போடும், அந்தக் கீறலே அடுத்த கசிவின் பாதை. ஹோஸ் எப்படியும் மாற்றப் போவதுதானே? பிளேடால் நீளவாக்கில் மேலோட்டமாகக் கீறி, நெக்கைத் தொடுமுன் நிறுத்தி, வாழைப்பழத் தோல்போல உரித்தெடுங்கள். ரேடியேட்டர் நெக் பிளாஸ்டிக் என்றால் இன்னும் மென்மையான கை வேண்டும். வருடக்கணக்கில் சூடு கண்ட பிளாஸ்டிக் பிஸ்கட்போல உடையும்.

நெக்கைச் சுத்தம் செய்யப் பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர் போதும். தேய்க்கும் திசைதான் முக்கியம்: சுற்றுவட்டமாகத் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் கூடாது. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி வந்தால் அரிப்பு. பொடி போனபின் நகத்தால் தடவுங்கள். குழிகளில் நகம் தட்டிப் பிடித்தால் எந்தப் புது ஹோஸும் அங்கே நிற்காது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை மாற்றுவதுதான் வழி.

இங்கேதான் "கொஞ்சம் அனபாண்ட் பேஸ்ட் தடவி மாட்டிடலாம்" என்ற யோசனை வரும். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே அந்தப் பேஸ்ட்டுக்கு வேலை உண்டு. ஹோஸுக்குள் அது தேவையில்லை. ஈரமாக இருக்கும்போது வழுக்கி ஹோஸை நழுவ விடும். காய்ந்தபின் உள்பக்கம் பிதுங்கியது துண்டாக உடைந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் போய் அடைக்கும். அடுத்தமுறை கழற்றுகிறவர் பாடு தனிக் கதை. மூட்டு சரியாக இருந்தால் பேஸ்ட் வேண்டாம். மூட்டு சரியில்லை என்றால் பேஸ்ட் அதை ஒரு மாதம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

நெக் கெடுவதற்கு முக்கியக் காரணம் ஹோஸ் அல்ல, தண்ணீர். கடினமான போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டினால் உப்பு படியும், அலுமினியம் அரிக்கும். கேன் தண்ணீரும் இதற்கு ஆகாது, குடிக்கும்போது சுவை தர வேண்டிய உப்பை அதில் விட்டுவைத்திருப்பார்கள். கூலன்ட் கலக்க பேட்டரி வாட்டர்தான் சரி. உறையும் குளிர் இல்லாத ஊர் என்பதால் கூலன்ட்டே வேண்டாம் என்று சிலர் வாதாடுவதுண்டு. கூலன்ட்டின் பாதி வேலை துருவைத் தடுப்பது, அந்த வேலைக்குச் சென்னைக்கும் சிம்லாவுக்கும் வித்தியாசம் இல்லை. கம்பெனி சொன்ன வகையைப் பாதிக்குப் பாதி கலந்து, அல்லது கலந்தே வரும் டப்பாவை வாங்கி ஊற்றுங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறம் எந்தத் தரத்தையும் குறிக்காது. நிறம் ஒன்று என்பதற்காக இரண்டு வகைகளைக் கலக்காதீர்கள்.

மாட்டும் முறை

என்ஜின் முழுக்க ஆறட்டும், இரண்டு மணி நேரமாவது. 0.9 அல்லது 1.1 பார் என்று ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்குமே, அந்த அழுத்தத்தில் தண்ணீர்கூட 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த நொடி அழுத்தம் போய் எல்லாம் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆறியபின் கீழ் ஹோஸ் வழியாகவோ வடிகால் திருகு வழியாகவோ பெரிய பேசினில் பிடியுங்கள். சின்னக் கார்களில் 3.5 முதல் 5 லிட்டர்வரை இருக்கும். எவ்வளவு வந்தது என்று அளந்து வையுங்கள், பிறகு உதவும். கழற்றுமுன் ஒவ்வொரு கிளிப்பின் காது எந்தப் பக்கம் நின்றது என்று போனில் படம் எடுங்கள்.

கிளிப்பை முதலில் ஹோஸின்மேல் கோர்த்து நடுவில் தள்ளி வையுங்கள். இதை மறந்து ஹோஸை மாட்டிவிட்டு மறுபடி கழற்றுவது எல்லோருக்கும் ஒருமுறை நடக்கும். ஹோஸ் வழுக்கி ஏற, நெக்கில் கொஞ்சம் கூலன்ட்டையே தடவுங்கள், அல்லது சோப்புத் தண்ணீர். என்ஜின் ஆயில், கிரீஸ், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். ரப்பர் ஊதும், அழுத்தத்தில் ஹோஸ் கழன்று வரவும் கூடும். வெள்ளைக் கோட்டை நேராக வைத்து, தடுப்பு இருக்கும் இடம்வரை முழுக்கத் தள்ளுங்கள். ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், ஃபேன், பெல்ட், எக்ஸாஸ்ட் எதையும் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கீழ் ஹோஸுக்குள் பழையதில் கம்பிச் சுருள் இருந்திருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும், பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான்.

கிளிப் உட்கார வேண்டிய இடம், வளைய மேட்டைத் தாண்டிய சமதளப் பகுதி. ஹோஸின் முனையிலிருந்து 3 முதல் 5 மி.மீ. உள்ளே. மேட்டின் மேலும் கூடாது, முனையின் விளிம்பிலும் கூடாது. ஸ்குரூ கிளிப்பை ஸ்குரூ டிரைவரால் முடுக்காமல் 7 அல்லது 8 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனரால் முடுக்குங்கள், வழுக்காது, எவ்வளவு பிடிக்கிறது என்பது கைக்குத் தெரியும். ரேடியேட்டர் ஹோஸுக்கு 3 முதல் 4 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் பட்டையின் இரு ஓரத்திலும் ரப்பர் லேசாக எழும் நேரத்தில் நிறுத்துங்கள். பட்டை ரப்பருக்குள் புதைந்தால் அளவு மீறிவிட்டது. அப்படிப் புதைந்ததைத் தளர்த்தினால் சரியாகாது, ரப்பரின் உள்ளே நூல் நசுங்கியிருக்கும்.

ஸ்பிரிங் கிளிப்பை விரித்துப் பிடிக்கச் சாதாரண பிளையர் போதும், ஆனால் ரேடியேட்டருக்குப் பின்னால் கை நுழையாத இடங்களில் வயர் இழுக்கும் கிளிப் பிளையர் ஒன்று இருந்தால் அரைமணி நேர வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். கிளிப்பை விடும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அது துள்ளும்.

நிரப்பும்போது மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேறும் திருகு இருந்தால் திறந்து வைத்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வந்ததும் மூடுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிசைந்து கொடுங்கள். பிறகு என்ஜினைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மே மாதத்தில் தண்டனைதான், ஆனால் ஹீட்டர் லைனில் சிக்கிய காற்று வேறு எப்படியும் வெளியேறாது. ஃபேன் இரண்டுமுறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். முதலில் மேல் ஹோஸும், தெர்மோஸ்டாட் திறந்தபின் கீழ் ஹோஸும் சூடாக வேண்டும். கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருக்க, டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனால் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. உடனே நிறுத்துங்கள். ஆறியபின் வடித்த அளவுக்கு ஊற்றிய அளவு வந்துவிட்டதா என்று ஒப்பிடுங்கள். அரை லிட்டர் குறைந்தால் அந்த இடத்தில் காற்று இருக்கிறது.

பிரஷர் டெஸ்டர் கிடைத்தால் வண்டி ஆறியிருக்கும்போதே மூடியில் போட்டிருக்கும் அழுத்தம்வரை கையால் அடித்து, 15 நிமிடம் விடுங்கள். முள் இறங்கக் கூடாது. மூடியின் அளவைத் தாண்டி அடிக்காதீர்கள். ரேடியேட்டர் பட்டறைகளில் பெரும்பாலும் இந்தக் கருவி இருக்கும். ஆறிய நிலையில் சோதிப்பதற்குக் காரணம் மேலே சொன்னதுதான், கிளிப்பின் குறை சூட்டில் ஒளிந்துகொள்ளும். ஸ்குரூ கிளிப் போட்டிருந்தால் முதல் ஓட்டத்துக்குப் பின் ஆறவைத்து ஒருமுறையும், ஒரு மாதம் கழித்து ஒருமுறையும் முடுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் கிளிப்புக்கு இது வேண்டாம்.

யாருக்கு எது

பத்து வருடத்துக்குள் இருக்கும் மாருதி, ஹூண்டாய், டாடா போன்ற புழக்கமான வண்டிகளுக்கு: ஒரிஜினல் வார்ப்பு ஹோஸ், அதே அளவு புது ஸ்பிரிங் கிளிப். யோசிக்க வேறொன்றும் இல்லை. வயதால் ஒரு ஹோஸ் போயிருந்தால் மேல், கீழ், பைபாஸ், இரண்டு ஹீட்டர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். எல்லாம் ஒரே வயது, கூலன்ட்டையும் எப்படியும் வடித்தாகிவிட்டது. ரேடியேட்டருக்குப் போகாமல் கூலன்ட்டை என்ஜினுக்கே திருப்பிவிடும் பைபாஸ் ஹோஸ் ஒரு விரல் நீளம்தான் இருக்கும், எட்டாத இடத்தில் இருக்கும், அதனால் எப்போதும் விட்டுப்போகும். மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் மூடியையும் மாற்றுங்கள். ஆறியபின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிப்போயிருந்தால் குற்றம் ஹோஸில் இல்லை, மூடியின் உள்வால்வில்.

சென்னையிலேயே தயாராகி 2022இல் உற்பத்தி நின்றுபோன ஃபோர்டு வண்டிகள் போன்றவற்றுக்கு: வார்ப்பு ஹோஸ் கிடைக்கும்போதே செட்டாக வாங்கி, வெயில் படாத இடத்தில் மடிக்காமல் வைத்துக்கொள்வது நல்லது. கிடைக்காவிட்டால் பெயருள்ள பிராண்ட், கூடவே டபிள்யூ4 ஸ்குரூ கிளிப். அம்பாசடர், பத்மினி, கான்டெசா வைத்திருப்பவர்களுக்குப் பித்தளை ரேடியேட்டரும் உலோக நெக்கும் பெரிய வரம். ஸ்குரூ கிளிப் அங்கே தயங்காமல் போடலாம், செய்து வாங்கிய சிலிக்கோனும் பொருந்தும். சால்டர் வைத்த நெக்கை மட்டும் ஆட்டிவிடாதீர்கள்.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்ற சில வண்டிகளில் கிளிப்பே இருக்காது. பிளாஸ்டிக் மூட்டு, உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், வெளியே கம்பிப் பூட்டு. அங்கே கசிந்தால் ஹோஸை வெட்டிக் கிளிப் போட முயலாதீர்கள். பூட்டை இழுத்துக் கழற்றி, ஓ-ரிங்கை இ.பி.டி.எம். வகையிலேயே மாற்றி, கூலன்ட் தடவி, "க்ளக்" என்று சத்தம் வரும்வரை தள்ளிப் பூட்டினால் போதும். சத்தம் வந்தபின்னும் ஒருமுறை பின்னோக்கி இழுத்துப் பாருங்கள், பாதிப் பூட்டியதும் அதேபோல் உட்கார்ந்திருக்கும்.

வடித்த கூலன்ட்டைப் பேசினில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். மழைநீர்க் கால்வாயிலும் ஊற்ற வேண்டாம். கேனில் மூடி, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.